ஆடன் போட்ட பாடத்திட்டம்

1941-42ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆங்கிலக் கவி டபிள்யூ. ஹெச். ஆடன் ஒரு பாடத்திட்டம் போட்டார். ஒரே பக்கந்தான். எஸ்கிலஸ், டாண்டே, ஷேக்ஸ்பியர், டாஸ்டாவ்ஸ்கி, காஃப்கா. போதாதென்று சில இசை நாடகங்கள் வேறு. படிக்கவேண்டியது ஏறக்குறைய 6,000 பக்கங்கள். இத்தனையையும் எந்த மாணவனும் கரைத்துக் குடித்திருக்க மாட்டான், என்னாலும் ஆகாது. அந்த அளவில் அது சரியான பாடத்திட்டம் அல்லதான். ஆனால் ஒன்று. வாத்தியார் எதை மதிக்கிறார் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே மாணவனுக்குத் தெரிந்துவிடும். நான் காலேஜில் படித்தபோது பாடத்திட்டத்தில் ஒரு நல்ல நாவலின் பெயர் இருந்தது. எங்கள் கையில் இருந்ததோ நோட்ஸ். கேள்வி வரக்கூடிய அத்தியாயங்களை வாத்தியாரே குறித்துக் கொடுத்தார். பாஸ் செய்துவிட்டேன். நானே நாவல் எழுதுகிறவனாகிவிட்டேன். அந்த நாவலை மட்டும் இன்னும் படிக்கவில்லை.