'அரசனின் ஏடு': கவிதையும் ஆசிரியப் பிரச்சினையும்

ஒரு கவிதையை இயற்றியவர் யார் என்னும் வினாவுக்கு அளிக்கப்படும் விடை, அக்கவிதை வாசிக்கப்படும் முறையையும் பல வேளைகளில் நிர்ணயித்துவிடுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்தின் காதற் கவிதைகளுள் முதன்மையானதாகப் போற்றப்படும் 'கிங்கிஸ் குவெயர்' இதற்குத் தக்க சான்றாகும். 'அரசனின் ஏடு' எனப் பொருள்படும் அப்பெயரே வாசகனை ஒரு முடிவுக்கு இட்டுச் செல்கின்றது.

அவ்வரசன் முதலாம் ஜேம்ஸ். 1406 இல் கடற்பயணத்தின்போது பிடிபட்ட அவன், 18 ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறையிருந்தான். 1424 இல் ஜோன் போஃபோர்ட்டை மணந்து நாடு திரும்பினான். 1437 இல் கொலையுண்டான். கவிதையின் தலைவனும் கடலிற் பிடிபட்டு, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் சிறையில் வாடுபவன். கோபுரச் சாளரத்தினூடாகப் பூங்காவில் உலவும் நங்கையொருத்தியைக் கண்டு அவன் காதலுறுகின்றான். இவ்வொற்றுமையே கவிதையை அரசனின் தன்வரலாறாகக் கொள்ளத் தூண்டிற்று.

புறச்சான்றுகள் எத்தகையன? இக்கவிதை ஒரேயொரு கையெழுத்துப் பிரதியிலேயே எஞ்சியுள்ளது. ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலுள்ள அப்பிரதி, அரசன் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் எழுதப்பட்டது. அது ஜேம்ஸையே ஆசிரியனெனக் குறிக்கின்றது. ஆயின், லிட்கேட்டின் கவிதையைச் சோசருக்கு உரிமையாக்கியதும் இதே பிரதியே என்பது மனங்கொள்ளத்தக்கது. மறுபுறத்தில், ஜேம்ஸ் சிறையிலிருந்தபோது அரசியைப் பற்றி நூலொன்று இயற்றினான் என ஜோன் மேஜர் 1521 இல் வெளியான தமது வரலாற்று நூலிற் கூறுகின்றார். 1783 இல் வில்லியம் டைட்லர் கவிதையை அச்சேற்றினார்; 1896 இல் ஜே. ரி. ரி. பிறவுண் அரசனின் உரிமையை மறுத்தபோது விவாதம் கூர்மையடைந்தது.

அகச்சான்றுகளும் இருபுறம் வெட்டுவனவாகவே உள்ளன. ஸ்கொட்லாந்து மொழியும் தென்னாங்கில வழக்கும் விரவிய நடை, இங்கிலாந்தில் வளர்ந்த அரசனுக்குப் பொருந்தும். சோசரைப் பின்பற்றிய பிற்காலக் கவிஞனுக்கும் பொருந்தும். சிறைச் சாளரக் காதற் காட்சி சோசரின் 'வீரனின் கதை'யில் முன்னரே இடம்பெற்றதாகும். எனவே அதனை வாழ்க்கை நிகழ்ச்சியென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் பதினெட்டு ஆண்டுச் சிறை அத்தகைய பொதுமரபன்று. இதனையும் மேஜரின் கூற்றையும் இணைத்து நோக்குமிடத்து, ஜேம்ஸே ஆசிரியன் எனக் கொள்வதே பொருத்தமுடையது.

எனினும், அம்முடிவோடு விமர்சனம் ஓய்ந்துவிடலாகாது. கவிதையினுள் அரசன் பெயருமில்லை, அரசி பெயருமில்லை. உறக்கமற்ற இரவொன்றில் பொயீதியஸின் நூலைப் படிப்பவன், வைகறை மணியோசை தன் கதையைச் சொல்லுமாறு தன்னை ஏவுவதாக உணர்ந்து எழுதத் தொடங்குகின்றான். சிறையிருந்த பொயீதியஸ், ஊழின் கொடைகளைத் துறப்பதிலே ஆறுதல் கண்டார். இவனோ ஊழின் சக்கரத்தில் ஏறிக் காதலை அடைகின்றான். தத்துவத்துக்கும் வாழ்வு வேட்கைக்கும் இடையிலான இம்முரணே கவிதையின் உயிர்நிலை. அரசி யார் எனத் தேடுவோர் கண்ணுக்கு இது எளிதிற் புலப்படுவதில்லை.

அரசனின் பெயர் இந்த ஏட்டுக்குப் புகழைத் தேடித்தந்தது. அப்பெயரைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படிக்கும்போதுதான் அதன் கவிதை கைவசமாகின்றது.