துறைமுகத்தை விட்டுவிட்டுத் தோணியை எடுத்தவர்

சென்ற தவணை உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிறுகதை எழுதிவரச் சொன்னேன். கொப்பிகள் வந்தன. பலஸ்தீனம் வந்தது, சுனாமி வந்தது, தொலைக்காட்சி நாடகத்தில் வரும் மாமியார் வந்தார். எங்கள் ஊர் மட்டும் வரவில்லை. கேட்டபோது ஒரு பிள்ளை எழும்பி, “நம்மட ஊர்ல எழுத என்ன சேர் இரிக்கு? கடலும் மீனுந்தானே” என்றது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தக் கடலையும் மீனையும் மட்டும் முதலாக வைத்து ஒரு மனிதர் இலக்கியம் செய்திருக்கிறார். அவர் மூதூர்க்காரர், எங்களைப் போல வாத்தியார். பெயர் வ.அ. இராசரத்தினம் (1925–2001).

திருகோணமலை என்றால் உலகத்துக்குத் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவரெல்லாம் அதற்காகத்தான் வந்தார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அதற்காகத்தான். இராசரத்தினத்துக்கு அப்போது பதினாறு வயது. குடாவின் இந்தக் கரையும் சரித்திரத்துக்குக் குறைந்ததல்ல. 1660இல் றொபர்ட் நொக்ஸ் பிடிபட்டது கொட்டியாரத்தில்தான். அந்தச் சிறைவாசத்தை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. மூதூரில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றே ஒரு மரத்துக்குப் பெயர் வைத்து நினைவுக் கல்லும் நட்டார்கள். பெரிய கதை வேண்டுமென்று தேடும் எழுத்தாளனுக்கு இவ்வளவு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் 1962இல் வந்த தமது சிறுகதைத் தொகுதிக்கு இராசரத்தினம் வைத்த பெயர் ‘தோணி’.

சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவ வீட்டுப் பையனின் கதை அது. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை, படியாதவர்கள் படிக்கட்டும். நான் சொல்ல வருவது அந்த ஏக்கத்தைப் பற்றி. சங்கப் பாடல்களின் நெய்தலில் ஏங்குபவள் பெரும்பாலும் கரையில் நிற்கும் தலைவி. கடலும் புன்னையும் அவளுடைய இரங்கலுக்குப் பின்னால் நிற்கும் திரை. இராசரத்தினத்திடம் திரை முன்னுக்கு வந்துவிடுகிறது. ஏக்கமே தோணி மேலேதான். திணை அதே நெய்தல்தான். ஆனால் கரையில் நின்று பார்த்து எழுதிய நெய்தலல்ல. துடுப்பைப் பிடிக்கத் துடிக்கும் கையிலிருந்து வந்தது.

விமர்சகர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மண்வாசனை’. அறுபதுகளில் முற்போக்கு, நற்போக்கு என்று நடந்த சண்டைகளுக்குள் எல்லாரும் தாராளமாகப் பாவித்த சொல் அது. எனக்கு அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு மனக்குறை. வாசனை என்றால் மேலே தெளிப்பது. கதையை வேறெங்கோ சமைத்து, இறக்கும்போது கொஞ்சம் ஊர் மணம் தூவியது போன்ற ஒரு நினைப்பை அது தருகிறது.

தோணி அப்படித் தூவப்பட்ட பொருளல்ல. என் வாப்பா மற்றவர் தோணியில் பங்குக்குப் போனவர். பிடிபாட்டில் தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போகும். மிஞ்சியதைத்தான் ஏறினவர்கள் பிரிப்பார்கள். தண்டு வலிக்காத, பசிக்காத, நோய் வராத தோணிக்கு மனிதனுக்கு முன்னால் பங்கு! இதை அறிந்தவனுக்குத்தான் அந்தப் பையனின் ஆசை வெறும் சிறுபிள்ளை ஆசையல்ல என்று விளங்கும். அலையில் தோணி ஏறி இறங்கும் சந்தோசமும், பங்குக் கணக்கின் கசப்பும் ஒரே பலகையில் இருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஏலாது. அன்றாடப் பொருளிலிருந்து கலை பிறக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறோமே, அது நடப்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய இன்னொரு நூலின் பெயர் ‘கிரௌஞ்சப் பறவைகள்’. ஆற்றுக்குக் குளிக்கப் போன வால்மீகி, வேடனின் அம்புபட்டு விழுந்த பறவையைப் பார்த்ததில் முதல் சுலோகம் பிறந்தது என்பது பழைய கதை. காவியத்தின் தொடக்கம் காலைக் குளிப்பு! தலைப்பை எடுக்கும்போது அவர் மனதில் இது எவ்வளவு தூரம் இருந்ததோ, எனக்கு அது அவருடைய எழுத்து முறைக்கே பொருந்துகிற உவமையாகத் தெரிகிறது. குறையும் சொல்லவேண்டும். படித்த இலக்கியம் சில இடங்களில் அவரைச் சும்மா விடுவதில்லை. உவமை கதையை முந்திக்கொண்டு ஓடும். காட்சியை அப்படியே விட்டிருக்கலாமே என்று தோன்றும்.

2006 ஓகஸ்டில் மூதூரை விட்டு நாங்கள் கந்தளாய்க்குப் போனபோது என்னிடமிருந்த ‘தோணி’யும் வீட்டோடு நின்றுவிட்டது. முகாமில் ஆட்கள் எதைப் பேசினார்கள் என்பது நினைவிருக்கிறது. வீடு, நகை, ஆவணம் எல்லாம் பகலில். இரவில் பேச்சு வேறு. இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்தபோது குடித்த தேத்தண்ணி, கரைவலை இழுக்கிற சத்தம், சுபஹுக்குப் பிறகு வாசலுக்கு வரும் சூடை மீன். எங்களுக்கு இப்படியெல்லாம் சின்னச் சின்னச் சந்தோசங்கள் இருந்தன என்பதே பறிபோன பிறகுதான் தெரிந்தது. இராசரத்தினத்துக்கு அது இருக்கும்போதே தெரிந்திருந்தது. நான் அவரை இரண்டாம் முறை ஆசையோடு படித்தது ஊர் திரும்பிய பிறகு, இரவல் வாங்கிய பிரதியில்.

எம்மவர் பட்டியல்களில் அவர் பெயர் வராது. முஸ்லிம் எழுத்தாளர் பட்டியல் என்றால் வராதுதான், அதில் பிழையில்லை. ஆனால் ‘தோணி’யைப் புத்தகமாக்கியது எம்.ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு. பின்னாளில் ‘இளம்பிறை’ நடத்திய அதே ரஹ்மான். மூதூர்த் தமிழர் ஒருவரின் கதைகளை ஒரு முஸ்லிம் பதிப்பாளர் அச்சிட்டார், அதற்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. எங்கள் ஆய்வரங்குகளில் இந்தச் செய்தியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பரணில் காவலிருந்தவர்கள் பாடிய கவிகளைத் தேடித் தேடித் தொகுக்கிறோம், நல்ல காரியம். அதே வயலுக்கு அப்பால், அதே ஆற்றுவாயில் மிதந்த தோணியை யாருடையது என்று கேட்டுத்தான் தொடுவோமென்றால் எங்கள் கொட்டியாரம் பாதிதான் மிஞ்சும்.

அந்தப் பிள்ளையிடம் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நாலு நாள் கழித்து வந்து, “சேர், எங்கட வாப்பாட என்ஜின் போட்டுக்கு இன்னும் கடன் கட்டுற. அதை எழுதினா கதையாகுமா?” என்று கேட்டது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் வரவில்லை.