நேர்கோட்டை மறுக்கும் ஆட்டம்: 'சாகா' விளையாட்டுத் தொடரும் அதன் பிளவுண்ட வரவேற்பும்

1

ஒரு கலைவடிவம் தன் நுகர்வோரை இரு கூறாகப் பிரித்து நிறுத்துமாயின், அப்பிளவைத் தனிமனித இரசனை வேறுபாடு என்று கூறி அமைதி காண்பது விமர்சகரின் கடமையாகாது. இரசனை சமூகத்தினால் உருவாக்கப்படுவது. எனவே, ஒரு படைப்பை ஒரு சாரார் போற்றுவதற்கும் மறுசாரார் வெறுப்பதற்கும் உரிய காரணங்களை அப்படைப்பின் உருவத்திலும், அவ்வுருவத்தை எதிர்கொள்வோரின் சமூகப் பயிற்சியிலும் தேடுதல் வேண்டும். யப்பானிய நிறுவனமாகிய ஸ்குவெயார் 1989இல் தொடங்கிய 'சாகா' என்னும் பாத்திரமேற்பு வீடியோ விளையாட்டுத் தொடரை இந்நோக்கிலேயே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

தமிழாய்வுச் சஞ்சிகை ஒன்றிலே வீடியோ விளையாட்டுக்கு என்ன இடம் என்ற வினா எழுதல் இயல்பு. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டபோது, நாவலும் தமிழுக்குப் புறத்தேயிருந்து வந்த புதுச்சரக்காகவே இருந்தது. இன்று அதனைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றுகின்றோம். அச்சியந்திரம் கொணர்ந்த வடிவத்தை ஆராய்ந்த திறனாய்வு, கணனி கொணர்ந்த வடிவத்தின் முன் வாளாவிருத்தல் பொருந்தாது. அன்றியும், நமது துறைமுகப் பகுதியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் ஓய்வு நேரத்தைக் கையடக்கத் தொலைபேசி விளையாட்டுக்களிலே கழிக்கின்றனர். அவர்கள் கைகளிலே பெரிதும் காணப்படுவன துப்பாக்கி விளையாட்டுக்களேயன்றி 'சாகா' அன்று. ஆயினும், விளையாட்டு என்னும் வடிவம் எத்தகைய உலகநோக்கைச் சுமக்கக்கூடும் என்பதை அறிய, விதியை மீறிய ஓர் எடுத்துக்காட்டு, விதிக்கு அடங்கிய நூறு எடுத்துக்காட்டுக்களினும் பயன் மிக்கது.

2

பாத்திரமேற்பு விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலே தன் இலக்கணத்தைப் பெற்றது. பகைவரை வென்றால் அனுபவப் புள்ளி. புள்ளிகள் திரண்டால் அடுத்த படி. படி உயர்ந்தால் வலிமை. 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' இவ்விலக்கணத்தை யப்பானிய மக்களிடையே பரப்பியது. ஒரே வீரன், ஒரே பாதை, ஒரே முடிவு என்பது அதன் பொதுக் கதையமைப்பாயிற்று.

1962இல் பிறந்த அகிதோஷி கவசு இவ்விலக்கணத்தை உள்ளிருந்தே குலைத்தவர். 1988இல் வெளிவந்த 'பைனல் பான்ரசி' இரண்டாம் விளையாட்டில், படிகளை நீக்கி, எத்திறன் பயன்படுத்தப்படுகின்றதோ அத்திறனே வளரும் என்னும் விதி புகுத்தப்பட்டது. பலர் முகஞ்சுளித்தனர். உடல்வலிமை வளர்வதற்காகத் தம் அணியினரைத் தாமே அடித்துக்கொள்ளும் விந்தையான உழைப்பிலும் ஆட்டக்காரர் சிலர் ஈடுபட்டனர். அடுத்த ஆண்டு கேம் போய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்த முதற் 'சாகா'வில் அவ்விதி மேலும் விரிவுபெற்றது. அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று.

1992இல் வந்த 'ரொமான்சிங் சாகா' எட்டு முதன்மைப் பாத்திரங்களை முன்வைத்தது. பிரபு குலத்து இளைஞன், நாடோடிக் குலப் பெண், திருடன், கடற்கொள்ளையன், நடனப்பெண், காட்டிலே வளர்ந்தவள் என அவர்கள் வெவ்வேறு சமூக நிலைகளைச் சார்ந்தவர்கள். எவரைத் தேர்ந்தாலும் உலகம் ஒன்றே. ஆனால் அதனுள் நுழையும் வாயில் வேறு. எங்கு செல்வது, எந்நிகழ்ச்சியில் தலையிடுவது என்பன ஆட்டக்காரரின் தீர்மானத்துக்கே விடப்பட்டன. 1993, 1995ஆம் ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் பாகங்களும், 1997இல் ஏழு பாத்திரங்களைக் கொண்ட 'சாகா புரொன்ரியர்' என்னும் விளையாட்டும் வெளிவந்தன. 2024இல் வந்த 'சாகா எமரால்ட் பியோண்ட்' வரை இத்தொடர் நீள்கின்றது.

3

இத்தொடர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுக்கள் மூன்றாகத் தொகுக்கத்தக்கன. ஒன்று, கதை சிதறிக் கிடக்கின்றது. இரண்டு, விதிகள் விளக்கப்படுவதில்லை. மூன்று, உழைப்புக்கு உறுதியான பலன் இல்லை. யப்பானில் இவற்றையும் மீறிப் பெருந்தொகையினர் இதனை ஏற்றனர். மேற்குலகிலோ, முதன்மூன்று விளையாட்டுக்களும் 'பைனல் பான்ரசி'யின் பெயரைச் சூடியே விற்கப்பட்டன. 'ரொமான்சிங் சாகா'வின் இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வெளிவர 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 'பைனல் பான்ரசி' ஏழாம் விளையாட்டின் திரைப்படம் போன்ற கதையோட்டத்தில் தோய்ந்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்க்குச் 'சாகா புரொன்ரியர்' முடிவுறாத படைப்பாகவே தோன்றியது. நீலன் எனப் பொருள்படும் புளூ என்னும் மந்திரவாதியின் கதை, இறுதிப் போரின் நடுவே திடீரென உறைந்து முடிந்துவிடுகின்றது. இவ்விளையாட்டிலே நேரமின்மையால் நீக்கப்பட்ட பகுதிகள் இருந்தமையும் உண்மை; அவற்றுட் சில 2021ஆம் ஆண்டுப் புதுப்பதிப்பிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டன. எனவே, எல்லா வெறுமையையும் கலை நோக்கம் என்று கொண்டாடும் அடியார்களின் கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது.

எனினும் மூன்றாவது குற்றச்சாட்டே நமது கவனத்துக்குரியது. அனுபவப் புள்ளி முறை வெறும் கணக்குவழக்கு அன்று. அது ஒரு கருத்துநிலை. உழைத்தவன் உயர்வான், உயராதவன் உழைக்கவில்லை என்று முதலாளித்துவம் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கதையையே அம்முறை மணிக்கணக்காக ஆட்டக்காரரின் விரல்களுக்குப் பயிற்றுகின்றது. நமது பரமபதமும் ஓர் ஏணிதான். அங்கே புண்ணியம் ஏற்றும், பாவம் இறக்கும். ஏற்றமும் இறக்கமும் கட்டங்களிலே முன்னரே எழுதப்பட்டுள்ளன. பரமபதம் சமய ஒழுக்கத்தைப் பயிற்றியதெனின், புள்ளி முறை கூலி ஒழுக்கத்தைப் பயிற்றுகின்றது எனலாம்.

'சாகா' இவ்வேணியைப் பிடுங்கிவிடுகின்றது. போரில் கையாண்ட கருவிக்கேற்பத் திறன் வளரலாம், வளராமலும் போகலாம். வலிய பகைவரோடு மோதும் கணத்திலேயே புதிய போர்நுட்பம் மின்னலென உதிக்கின்றது. எளியாரைத் திரும்பத் திரும்ப அடித்துச் சேமிப்பதால் அது பெரிதும் கிட்டுவதில்லை. மேலும், 'ரொமான்சிங் சாகா'வில் போர்களின் எண்ணிக்கை கூடக்கூடக் காலம் நகர்கின்றது. சில நிகழ்ச்சிகள் கைநழுவிப் போகின்றன. பகைவரும் வலிமை பெறுகின்றனர். தெரிவு இங்கே விளைவோடு பிணைக்கப்பட்டுள்ளது. இன்று 'திறந்த உலகம்' என விளம்பரப்படுத்தப்படும் விளையாட்டுக்கள் பலவற்றில், ஆட்டக்காரர் வரும்வரை தீ எரியாது, ஊர் அழியாது. உலகமே வாடிக்கையாளருக்காகக் காத்துநிற்கும். 'சாகா'வின் உலகம் காத்திருப்பதில்லை. மனித விருப்பத்துக்கு வெளியே இயங்கும் புறநிலை உண்மை உண்டு என்னும் எளிய பொருள்முதல்வாதப் பாடம் இதனுள் அடங்கியுள்ளது. அப்பாடம் கசப்பதில் வியப்பில்லை.

4

உள்ளடக்கத்தை நோக்குமிடத்து, முதற் 'சாகா' தனித்த கவனத்தை வேண்டிநிற்கின்றது. அதிலே மனிதர், பிறழ்வுற்றோர், விலங்குருக்கள் என மூவகையினர் உளர். பிறழ்வுற்றோர் போரினூடாகத் தற்செயலாக வளர்கின்றனர். விலங்குருக்கள் வீழ்ந்த பகையின் ஊனை உண்டு உருமாறுகின்றன. மனிதரோ கடையில் மருந்து வாங்கியே வலிமை பெறுகின்றனர். மனித உடலின் ஆற்றலே பணத்தால் பெறப்படும் பண்டமாக அமைந்த இவ்விதி, எத்தனையோ உரைகள் சொல்லாததை ஓர் ஆட்டவிதியாகச் சொல்லிவிடுகின்றது. கோபுரத்தின் உச்சியில் படைப்புக் கடவுள் எதிர்ப்படுகின்றார். இத்துன்பங்கள் யாவும் தமது பொழுதுபோக்குக்காக அமைக்கப்பட்டன என்று கூறிப் பரிசளிக்க முன்வருகின்றார். ஆட்டக்காரர் பரிசை மறுத்துக் கடவுளைக் கொல்கின்றனர். அதன்பின் திறக்கத்தக்க கதவொன்று காணப்படுகின்றது. அவர்கள் அதனுட் புகாது தம் உலகுக்கே மீள்கின்றனர். சுவர்க்கத்தை மறுத்து மண்ணைத் தேர்ந்தமை முற்போக்கு விமர்சனத்தின் நோக்கிலிருந்து தப்பக்கூடாதது.

'ரொமான்சிங் சாகா' இரண்டாம் பாகம் இன்னும் ஆழமானது. பேரரசன் லியோன், வெல்லமுடியாத பகைவனின் உயிர்கவரும் நுட்பத்துக்குத் தன்னைப் பலியாக்கி, அந்நுட்பம் பற்றிய அறிவை மகன் ஜெரார்டுக்குக் கையளிக்கின்றான். தோல்வியே இங்கு அறிவின் ஊற்று. ஒரு தலைமுறை பெற்ற நுட்பம் பயிற்சிக்கூடத்தில் நிலைபெற்று, அடுத்த தலைமுறையினர்க்குப் பொதுவுடைமையாகின்றது. தனிவீரன் மடிகின்றான், திரண்ட உழைப்பின் அறிவு மடிவதில்லை. பகைவராக வரும் ஏழு வீரரும் பிறவியிலே கொடியவரல்லர். ஒருகால் மக்களைக் காத்துப் பின் அவர்களாலேயே துரத்தப்பட்டோர். கதை முடிவிலே பேரரசு குடியரசாகின்றது. 1852இல் லூயி போனபார்ட் பற்றிய நூலிலே மார்க்ஸ் ஆராய்ந்த சிக்கல், அதாவது மரபாய் வந்த நிலைமைகளும் மனிதச் செயலும் ஒன்றையொன்று வரையறுக்கும் முறை, இங்கே ஆட்டத்தின் அமைப்பாகவே இயங்கக் காண்கின்றோம். ஆயினும், கூட்டு அறிவு யாவும் பேரரசன் என்னும் ஒருவனின் உடலிலேயே வந்து திரள்கின்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. மக்கள் வரலாற்றை ஆக்குகின்றனர். ஆனால் மன்னனின் பெயரில்.

5

சிதறிய எடுத்துரைப்பு முற்போக்கானதா, நலிவானதா என்னும் வாதம் நமக்குப் புதியதன்று. 1930களிலே லூக்காச் முழுமையை வலியுறுத்தி நிற்க, பிறெக்ற் ஒவ்வொரு காட்சியும் தனித்து நின்று சிந்தனையைத் தூண்டவேண்டும் என வாதிட்டார். ஈழத்திலும் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதங்களில், நேர்கோட்டுக் கதையை யதார்த்தத்தோடும் சிதறிய கதையைத் தனிமனித வாதத்தோடும் ஒன்றாக்கும் போக்கு நம்மவரிடையே இருந்தது. ஆனால் வாய்மொழி மரபு வேறு செய்தியைக் கூறுகின்றது. கைலாசபதி தமது 1968ஆம் ஆண்டு ஆங்கில நூலிலே சங்கப் பாடல்களை வாய்மொழிப் புனைவு என்னும் நோக்கில் ஆராய்ந்தார். அவர் பயன்கொண்ட பரி, லோர்ட் ஆகியோரின் கோட்பாட்டின்படி, வாய்மொழிப் பாணன் ஒவ்வொரு முறையும் மரபான தொடர்களைக் கொண்டு புதிதாகவே பாடலை யாக்கின்றான். 'ரொமான்சிங் சாகா'வின் மதுக்கடைகளிலும் ஒரு பாணன் அமர்ந்துள்ளான். ஒவ்வோர் ஆட்டமும் அதே உறுப்புக்களினால் ஆன வேறொரு பாடலாகின்றது. வால்ரர் பென்ஜமின் 1936இல் கதைசொல்லிகளை மண்ணோடு தங்கிய உழவன், கடல் கடந்த மாலுமி என இரு வகையாகக் கண்டார். துறைமுகம் இவ்விருவரும் சந்திக்கும் இடம். எங்கிருந்தும் தொடங்கி எங்கும் நிற்கத்தக்க மாலுமியின் கதை, கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்கு அந்நியமானதன்று.

இத்தொடரின் எல்லைகளும் தெளிவானவை. விதிகளை மறைத்து வைத்தல், அவற்றைத் தேடிக் கண்டறியும் ஓய்வும் பொருளும் உடையோர்க்கே இன்பம் தரும். 2002இல் வந்த 'அன்லிமிட்டெட் சாகா' சுழலும் சக்கரங்களையும் பலகை போன்ற வரைபடங்களையும் போதிய விளக்கமின்றி முன்வைத்தபோது, அமெரிக்க மதிப்புரையாளர் பலரின் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கண்டனத்தை அறியாமை என்று ஒதுக்குவது மேட்டிமைவாதம். பகல் முழுதும் துறைமுகத்தில் உடலுழைத்தவன் இரவிலே புதிர்விதிகளோடு போராட மறுப்பானாயின், குறை அவனிடத்தில் இல்லை. மேலும் இவ்விளையாட்டுக்கள் எவையும் தமிழில் இல்லை. ஆங்கிலக் கல்வி இங்கும் வர்க்க வேலியாக நிற்கின்றது.

இதனினும் பெரியது மற்றொன்று. உறுதியான பலனை மறுத்த தற்செயல், 2018இல் கையடக்கத் தொலைபேசிக்காக வந்த 'ரொமான்சிங் சாகா ரி யூனிவர்ஸ்' விளையாட்டில், பணம் கொடுத்துப் பாத்திரங்களைக் குலுக்கி எடுக்கும் அதிர்ஷ்டச் சீட்டாக மாறிற்று. கூலி ஒழுக்கத்தைக் குலைத்த அதே உறுப்பைச் சந்தை சூதாட்ட ஒழுக்கத்துக்குப் பணிகொண்டது. உருவம் தன்னளவில் முற்போக்கானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

ஆகவே, 'சாகா'வைச் சூழ்ந்த பிளவு திறமையுடையோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையிலானதன்று. உத்தரவாதம் தரும் உலகை வேண்டுவோர்க்கும், உத்தரவாதமற்ற உலகிலே செயற்பட முனைவோர்க்கும் இடையிலானது. நடைமுறை வாழ்வு உத்தரவாதம் அளிக்காதபோது, விளையாட்டிலேனும் அதனை நாடுவது இயல்பான ஏக்கமே. அவ்வேக்கத்தைப் புரிந்துகொள்ளாத விமர்சனம் மக்களுடையதாகாது.

எனினும் நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. வரலாறு படிப்படியாக ஏறித் தவறாது நம் பக்கம் வந்துசேரும் என்னும் ஏணி நம்பிக்கை முற்போக்காளரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் பின், இப்பகுதியில் எந்த அணியைச் சார்ந்தவரும் அந்நம்பிக்கையைப் பழையபடி கூறுதல் இயலாது. அந்த இடத்தில் விதிவாதம் வந்து அமர்வதை நாம் காண்கின்றோம். உத்தரவாதம் இல்லை என்பதிலிருந்து செயல் வீண் என்பது பெறப்படாது. தோற்றோரின் அறிவு கையளிக்கப்படுகின்றதா, அது ஒருவனின் பெயரிலா அன்றிப் பலரின் உடைமையாகவா என்பதே பெறப்படும் வினா. ஒரு வணிகப் பண்டம் இவ்வினாவை அரைகுறையாகவேனும் எழுப்பியுள்ளது. அதனை முழுமையாக எழுப்புதல், நம் மொழியில், நம் இளைஞரின் கைகளில் இயங்கும் வடிவங்களிலும் எழுப்புதல், எழுத்தாளரும் விமர்சகரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.