ஐந்து டாலர் மேடை

ஃபுகாஸி மேடையேறிய இரவுகளில் இயன் மெக்காய் கைவசம் சில காகித உறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து டாலர். கூட்டத்தில் எவனாவது முன்னால் நிற்பவர்களை இடித்துத் தள்ளி, அடுத்தவர் தலைமேல் ஏறிக் குதித்து அட்டகாசம் செய்தால் பாட்டு பாதியில் நிற்கும். மெக்காய் மைக்கில் அவனை ‘சார்’ போட்டு அழைத்தே கண்டிப்பார். அதற்கும் மசியவில்லையென்றால் ஓர் உறையைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள். நுழைவுச்சீட்டு ஐந்து டாலர். அது திரும்பி வந்தாயிற்று. இனி கொடுக்கல் வாங்கல் எதுவும் பாக்கியில்லை.

வாஷிங்டனில் உருவான இந்த ராக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் உறைக் கதையை விடுவதே இல்லை. நானும் விடவில்லை. ஆனால் அதைக் கொள்கைக்கு ஓர் உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். சீட்டு மலிவு, மானேஜர் கிடையாது, டி-ஷர்ட் விற்பதில்லை, எல்லா வயதினரும் உள்ளே வரலாம் என்று அவர்களுடைய பிடிவாதங்கள் பக்தியோடு ஒப்பிக்கப்படுகின்றன. இதனால் காதுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது. எனக்கோ இவை முதலில் இசை சம்பந்தப்பட்ட முடிவுகளாகவே கேட்கின்றன. ஊர் ஊராக வேனில் அலைந்த வாழ்க்கையின் ஒவ்வொரு சிக்கனமும் அந்த வாசிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று, வாஷிங்டன் நகரின் வில்சன் சென்டரில். மெக்காய் கிதார், ஜோ லாலி பேஸ் கிதார், பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். கீ பிச்சோட்டோ சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தார். முதலில் பாட மட்டும் செய்தவர், பிறகு இரண்டாவது கிதாரையும் கையில் எடுத்தார். மெக்காயின் கிப்ஸன் எஸ்ஜி தடித்த, முரட்டு நாதம் உடையது. பிச்சோட்டோவின் ரிக்கன்பேக்கர் கம்பிக் கூர்மையோடு கீறும். இரண்டு கிதாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் இந்தக் குழுவின் பாதி அழகு. மீதிப் பாதி லாலியிடம் இருக்கிறது. ஜமைக்காவின் ரெகே, டப் இசையை உள்வாங்கியவர் அவர். கிதார்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போதும் அவர் விரல் தடுமாறாது.

இவர்கள் போன சாலையை வேறு சிலர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழு வேனில் ஏறி, எந்த ஊரில் யார் இடம் தருவார்கள், யார் வீட்டுத் தரையில் படுக்கலாம், யார் பணத்தை ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்று பட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் குழுவின் பாடகர் ஹென்றி ராலின்ஸ், மெக்காயின் சிறுவயதுத் தோழர். வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடை வேலையை விட்டுவிட்டு 1981-ல் போய்ச் சேர்ந்தவர். அந்த வருடங்களின் நாட்குறிப்புகளை 1994-ல் ‘கெட் இன் தி வேன்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். பசி, அழுக்கு, அடிதடி, போலீஸ் என்று பக்கத்துக்குப் பக்கம் வெறுப்பு. படித்தவர்களுக்குச் சுற்றுப்பயணம் என்ற வார்த்தையின் மினுக்கு உதிர்ந்துவிடும். பயணத்தின் ஆபத்து இன்னொரு குழுவின் கதையில் இருக்கிறது. சான் பெட்ரோவின் மினிட்மென் குழு எல்லாவற்றையும் குறைந்த செலவில் செய்வதைத் தங்கள் அழகியலாகவே வைத்திருந்தது. அதன் கிதார் கலைஞர் டி. பூன், 1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் வேனின் அச்சு முறிந்த விபத்தில் இறந்தார். வயது 27. காய்ச்சலோடு பின்பக்கம் படுத்திருந்தார்.

ஃபுகாஸி இந்த மரபை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைச் சரிசெய்தது. புக்கிங் ஏஜென்ட் இல்லை. மெக்காயே தொலைபேசியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பேசி முடிப்பார். மானேஜர் இல்லை என்றால் மானேஜருக்குப் பங்கும் இல்லை. விளக்குப் படையோ பின்திரையோ புகை இயந்திரமோ இல்லாததால் அவற்றை ஏற்றிவர லாரியும் ஆளும் வேண்டாம். ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர். இட வாடகை, ஒலிபெருக்கி, காவலாள் செலவு போக மிச்சம் அவர்களுக்கு. தியாகம் என்று இதைச் சொல்வது தவறு. நால்வரும் இதில்தான் பிழைத்தார்கள். 1993-ல் நியூயார்க் கச்சேரிக்கு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் அஹ்மத் எர்டிகன் நேரில் வந்து தன் கம்பெனிக்கு அழைத்தபோது மறுக்க முடிந்ததற்கு வீராப்பு மட்டும் காரணமில்லை. அவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்படாதபடி கணக்கு போடப்பட்டிருந்தது.

எல்லா வயதினரும் வரலாம் என்ற நிபந்தனைக்கும் ஒரு பயணக் கதை உண்டு. 1980-ல் மெக்காயின் பள்ளிக்கூடக் காலத்துக் குழுவான டீன் ஐடில்ஸ் பஸ் பிடித்துக் கலிபோர்னியா போனது. சான் பிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸில், மது அருந்தும் வயது வராதவர்கள் என்பதற்கு அடையாளமாக அவர்கள் புறங்கையில் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் வாஷிங்டனின் 9:30 கிளப்பில் அதையே செய்யலாமே என்று கேட்டார்கள், நடந்தது. பின்னால் அந்த எக்ஸ் ஒரு பெரிய இளைஞர் கூட்டத்தின் சின்னமாகி, சத்தியங்களும் சண்டைகளும் அதைச் சுற்றி வளர்ந்தன. அது வேறு கதை.

மது விற்பனையில் பிழைக்கும் கிளப்புகளுக்குப் பதினாறு வயதுக் கூட்டத்தால் லாபமில்லை. அதனால் பல ஊர்களில் ஃபுகாஸி பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் வாசிக்க வேண்டியிருந்தது. கூடைப்பந்துக் கூடத்தில் ராக் இசை கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு மோசமான இடமென்று. சத்தம் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த அடியின் மேலேயே விழும். பெரும்பாலான குழுக்கள் இன்னும் சத்தம் கூட்டிச் சமாளிக்கும். ஃபுகாஸியின் பாட்டுகளில் இடைவெளி அதிகம். இரண்டு கிதாரும் வெட்டி வெட்டி வாசிக்கும், ஒலி அடங்க இடம் விடும், நடுவில் பேஸ் மட்டும் தனியாக நடக்கும். இந்தக் கட்டுமானத்தை அந்தக் கூடங்கள்தான் கற்றுக்கொடுத்தன என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடங்களில் தாக்குப்பிடிக்கக்கூடிய இசை இதுதான்.

உறைகளின் வேலையும் இங்கேதான் வருகிறது. மெக்காயின் முந்தைய குழுக்களில் ஒன்றான மைனர் திரெட் ஒரு நிமிடப் பாட்டுகளைப் புயல் வேகத்தில் முடித்தது. அந்த வேகத்துக்கு முட்டி மோதும் ஆட்டம் பொருந்தியது. ஃபுகாஸியில் தாளம் இறங்கி, இடுப்பை அசைக்கச் சொல்லும் தாளமாகிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் பழைய ஆட்டத்தையே ஆட வந்தார்கள். அவர்கள் ஆடினால் பின்னால் நிற்கும் பெண்களும் சிறுவர்களும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள், மேடையில் வாசிப்பவனும் தன்னையறியாமல் அந்த முரட்டு வேகத்துக்கு இழுபடுவான். ஆளை வெளியேற்றியதில் ஒழுக்கப் போதனையோடு தாளத்தைக் காப்பாற்றும் கவலையும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இதில் ஒரு நஷ்டமும் உண்டு. சில பதிவுகளில் கண்டிப்பு நீண்டுகொண்டே போய், கட்டிய சூடு ஆறிவிடுகிறது. பிச்சோட்டோ திட்டினால் சிரிப்பாவது வரும். ‘ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவனே’ என்று ஒரு முரடனை அவர் மேடையிலிருந்து வைதது ரசிகர்களிடையே பிரசித்தம். மெக்காய் திட்டினால் ஆசிரியர் வகுப்புக்கு வந்துவிடுவார்.

இப்போது அவர்களுடைய மேடை விளக்கு. வெறும் வெள்ளை. வண்ணமில்லை, மின்னலில்லை, அணைத்து அணைத்து எரிவதில்லை. ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ (1999) ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்த்த காட்சிகள். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிச்சோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடும் பிரபலமான காட்சியை அல்ல. நால்வரின் கண்களைத்தான். ஒருவரை ஒருவர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்து என்ன பாட்டு என்று நால்வரில் யாருக்கும் தெரியாது.

பாட்டுப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமே அவர்களுக்கு இருந்ததில்லை. ராக் உலகில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரிய குழுக்களின் பயணத்தில் விளக்கு மாறுவதும் திரை விழுவதும் கிதார் மாற்றித் தருவதும் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. சென்னையில் கேட்ட கச்சேரி திருச்சியிலும் அப்படியே கேட்கும். ஃபுகாஸியின் செய்முறை நம் கச்சேரி ரசிகருக்குச் சட்டென்று பிடிபடும். பாடகர் ஒரு ஸ்வரத்தைத் தொட்டதுமே ராகத்தைப் பிடித்து வில்லை வைக்கும் வயலின்காரரைப்போல, மெக்காய் ஒரு பாட்டின் வாலை நீட்டும்போதே லாலி அடுத்ததை மோப்பம் பிடித்துவிடுகிறார். சில நேரம் இரண்டு கிதாரும் இரண்டு வெவ்வேறு பாட்டுக்கு வழி போடும். யார் பக்கம் சாய்வது என்பதை லாலியும் கேன்டியும் தீர்மானிப்பார்கள். அந்த இழுபறியில் பிறக்கும் அரை நிமிடம் எந்த ஆல்பத்திலும் கிடையாது. அதற்காகவே மேடைப் பதிவுகளைத் தேடிக் கேட்கிறேன்.

கேன்டியின் டிரம்ஸோடு ஒரு பெரிய மணியும் தொங்கும். அதை அவர் அடிக்கும் இடங்களை ஒப்பிட்டுக் கேட்பது தனி ருசி. அளவாகத்தான் அடிப்பார். கிதார்கள் சேர்ந்து கரடுமுரடாக உறுமும்போது அந்த ஒற்றை உலோக ஒலி மேலே மிதக்கும்.

பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. 1987 முதல் 2002 வரை, அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களிலும், ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள். கூடவே பயணித்த ஒலிப் பொறியாளர்கள் முதலில் கேசட்டிலும் பிறகு டிஜிட்டல் நாடாவிலுமாக எண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பிடித்துவைத்தார்கள். 2011 இறுதியிலிருந்து குழுவின் டிஸ்கார்ட் கம்பெனி அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டது. ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை ஐந்து டாலர். தேர்ந்தெடுத்து அழகுபடுத்திய பதிவுகள் அல்ல இவை. சுருதி கலைந்த இரவு, ஒலிபெருக்கி புகைந்த இரவு, தொண்டை கட்டிய இரவு எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

‘வெய்ட்டிங் ரூம்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் தனியாகத் தொடங்கி, டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து வேகம் பிடித்த மாத்திரத்தில் எல்லாம் அப்படியே நிற்கும். சில நொடி மௌனம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆல்பத்தில் அது புத்திசாலித்தனமான ஓர் இடைவெளி, அவ்வளவுதான். மேடையில் அந்தச் சில நொடிகள் அந்தந்த ஊருக்குச் சொந்தம். பாட்டுப் புதிதாக இருந்தபோது அங்கே கூட்டம் திகைக்கிறது. புகழ் பெற்றபின் கத்தித் தீர்க்கிறது. இந்த ஒரு மௌனத்தை மட்டும் வருட வாரியாகக் கேட்டால் போதும், குழுவின் வரலாறு கிடைத்துவிடும்.

நேர்மாறான பாட்டு ‘ஷட் தி டோர்’. மெல்ல ஊர்ந்து வெடித்து, நடுவில் கிதார்கள் வெறும் ரீங்காரமாகத் தேய்ந்துபோகும். எவ்வளவு நேரம் தேய வேண்டும் என்று சட்டமில்லை. கூட்டம் பொறுமையாக இருந்தால் பள்ளம் ஆழமாகும், சலசலத்தால் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். 1991-ல் வந்த ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ ஆல்பத்தை நான் விரும்பி எடுப்பதில்லை, ஒலி தட்டையாக இருக்கிறது. அதே ஆல்பத்தின் ‘ரெக்ளமேஷன்’ மேடையில் கிதார் ஓலத்தோடு எழும்போது அது வேறு பாட்டு.

மேடைகளும் ஒரே மாதிரி இல்லை. 1990 டிசம்பர் 26 அன்று வர்ஜீனியாவின் லார்டன் சிறைச்சாலையில் கைதிகளுக்கு வாசித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. இரண்டு வாரம் கழித்து, வளைகுடாப் போர் தொடங்கவிருந்த வேளையில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவின் ஜனவரிக் குளிரில் இலவசக் கச்சேரி. வாயிலிருந்து ஆவி பறக்கப் பாடுகிறார்கள்.

கடைசிக் கச்சேரி 2002 நவம்பர் 4, லண்டன் ஃபோரம். பிரிவதாக அறிவிக்கவில்லை, குடும்பமும் குழந்தைகளும் வந்த பிறகு நீண்ட பயணங்கள் ஒத்துவரவில்லை, இடைவேளை என்றார்கள். அது முடியவே இல்லை. லாலியும் கேன்டியும் பின்னாளில் கிதார் கலைஞர் அந்தோணி பைராக்குடன் மெஸ்தெட்டிக்ஸ் என்ற வாத்தியக் குழுவில் சேர்ந்தார்கள். மெக்காயும் லாலியும் ஏமி ஃபரினாவோடு கோரிக்கி என்ற மூவர் குழுவாக 2020-ல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ரிப்பீட்டர்’ ஆல்பத்தில் தொடங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் வில்சன் சென்டரின் முதல் கச்சேரியையும் லண்டனின் கடைசிக் கச்சேரியையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன். பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். ஊர்ப் பெயர், கூடத்தின் வெக்கை, முன்வரிசைக் குறும்பு, கம்பி முறுக்கும் சத்தம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பேச்சு முடிவதற்கு முன்பே பின்னால் லாலி அடுத்த பாட்டை ஆரம்பித்திருப்பார்.