ஒரு மிடறும் இரு மேடைகளும்

மர்ஹூம் நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ ஒலிக்காத முஸ்லிம் இல்லம் நாகை வட்டாரத்தில் அரிது. ஆனால் அதே மிடற்றிலிருந்து எழுந்த திராவிட முன்னேற்றக் கழகப் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மவருள் சிலர், “இசையில் அரசியல் எதற்கு?” என முகஞ்சுளிக்கின்றனர்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு ‘ஹெவி மெட்டல்’ இசையைக் கேட்போரிடையேயும் இது உண்டு. எனினும் அவ்விசையின் முன்னோடிகளான பிளாக் சபாத் குழுவினர், போரை ஏவும் அதிகாரத்தாரை 1970லேயே சாடிப் பாடிவிட்டனர்.

நம் மரபோ மிகப் பழையது. பகைவரின் வசைக்கவிக்கு விடையிறுக்க, ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துத் தந்தார்கள் என்பது ஹதீஸ். எனவே பொதுவாழ்வு பாட்டுக்கு விலக்கன்று.

ஆயினும் அளவுகோல் ஒன்று வேண்டும். தொழிலதிபர் டால்மியாவின் பெயர் சூட்டப்பட்ட ஓர் ஊர், தன் பழம்பெயரைப் பெறவேண்டும் என எழுந்ததே 1953ஆம் ஆண்டின் கல்லக்குடிப் போராட்டம். அதையொட்டி ஹனீபா பாடிய பாடல், போராட்டத் தலைவர் கருணாநிதியை வாழ்த்துகிறது. குரலின் கம்பீரத்தில் குறையில்லை; ஊரின் ஏக்கமோ தலைவரின் புகழுக்குப் பின்னே நின்றுவிடுகிறது. அரசியல் புகுந்ததால் நேர்ந்த குறையன்று இது. புகழ்ச்சி மிகுந்ததால் நேர்ந்தது.

பக்திப் பாடலை மட்டும் போற்றி மற்றதை மறைப்பது, அக்கலைஞரைப் பாதியாக்குவதாகும். நம் பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். மக்களின் குறை பேசும் பாட்டு எது, மேடைக்கு மாலையிடும் பாட்டு எது எனத் தாமே பிரித்தறியட்டும்.