விட்டவன் விழுக்காடு

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். அவற்றில் 'விடுதல்' என்றால் கைவிடுவதல்ல. கோயிலுக்கு உரிமையாக்கித் தருவது.

விஜயநகரக் காலத்தில் ஒருவர் பொன்னையோ ஊரையோ விட்டால், கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரம் பொன்னைக் கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடும். கூடுதல் விளைச்சலில் திருப்போனகம் என்னும் சோற்றுப் படையலும் அதிரசப்படியும் நடக்கும். படைத்த பிரசாதத்தில் பெரும்பாலும் நாலில் ஒன்று, விட்டவன் விழுக்காடு, அதாவது கொடையாளியின் பங்கு. அது சந்ததிக்கும் தொடரும்.

எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! சோற்றுப் பங்கையும் கல்லில் வெட்டி உறுதியாக்கினார்கள். 'நடத்தக் கடவோம்' என்று கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தாரும் கட்டுப்பட்டார்கள்.

1930களில் தேவஸ்தானம் இக்கல்வெட்டுகளைத் தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றில் பங்கைக் குறித்த அதே 'விழுக்காடு' என்ற சொல்தான் இன்று வட்டிக் கணக்கில் சதவீதமாக நிற்கிறது.