கூலியும் பேரும்

ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்னும் சொல் தமிழிலிருந்து சென்றது என்றும், ஆதலால் அஃது இழிசொல் அன்று என்றும் கூறுவார் உளர். இக்கூற்றின் முற்பகுதி ஆராயத்தக்கது, பிற்பகுதி ஏற்கத்தக்கதன்று.

சொல்லின் பிறப்புக் குறித்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி, மேற்கிந்தியக் கோலி இனத்தாரின் பெயரையே மூலமாகக் கொள்ள விழைகின்றது. வில்சன் தமிழ்ச் சொல்லையே மூலமெனக் கொண்டதையும் அது குறிக்கின்றது.

தமிழ் மூலமே எனக் கொள்ளினும் பொருள் வேறாகும். உழைப்புக்கு ஈடாகப் பெறுவதே கூலி. வள்ளுவர் ஆள்வினையுடைமையில் இச்சொல்லை அப்பொருள்படவே ஆள்கின்றார். ஆளைச் சுட்டுங்கால் 'கூலியாள்' என்பது எமது வழக்கு. ஆங்கிலத்திலோ கூலியே ஆளாயிற்று. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் இந்தியக் கூலிகள் கட்டளைச் சட்டம் இவ்வழக்கைச் சட்டமொழியாக்கிற்று. துரைமாருக்கென வெல்ஸ் 1915இல் வெளியிட்ட கையேடு, தொழிலாளர் பேசிய மொழிக்கே 'கூலித் தமிழ்' எனப் பெயரிட்டது. மு. நித்தியானந்தன் 2014இல் தம் ஆய்வு நூலுக்கு அப்பெயரையே சூட்டியபோது வசைச்சொல் வரலாற்றுச் சான்றாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்த மாற்றமொன்றை மலையகத் தமிழிற் காண்கின்றோம். லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலும், ஏனைய மலையகத் தோட்டங்களிற் போன்றே, ஒருநாள் வேலைக்குரிய சம்பளத்தைப் 'பேர்' என்பர். செக்ரோலில் பெயர் பதியப்பெற்றால்தான் சம்பளம் உண்டு. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' விழும். அங்கே கூலி ஆளின் பெயராயிற்று. இங்கே ஆளின் பெயர் கூலியாயிற்று. ஆளையும் கூலியையும் பிரித்தறியாத ஒரே தொழிலமைப்பின் இருமுகங்கள் இவை.

ஆயினும் இரண்டும் ஒரு தரத்தன அல்ல. முன்னது பிறர் இட்ட பெயர். பின்னதைச் சொல்லியே தொழிலாளர் தம் கணக்கைக் கேட்கின்றனர். "எனக்கு ஏன் அரைப்பேர்?" என வினவும் பெண் தன் பெயரின் மறுபாதியையும் சேர்த்தே கேட்கின்றாள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின், செக்ரோலில் இருந்த பெயர்களுட் பெரும்பாலானவை குடிமக்கள் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும்.

எனவே, மலையகப் படைப்புக்களை மொழிபெயர்ப்போர் 'அரைப்பேர்' என்பதை 'அரைநாட் சம்பளம்' என்று மட்டும் பெயர்த்தால் பொருள் கிட்டும், பெயர் தொலைந்துபோம். ஒரு சொல் எங்குப் பிறந்தது என்பதோடு ஆய்வு அமையாது. அச்சொல்லால் எவர் எவரை அழைத்தனர் என்பதையும் அது கூறுதல் வேண்டும்.